மிச்சப் பக்கங்களுக்கு ஒரு மௌன விரதம்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் நெருங்கித்தான் உட்காருங்களேன், ஒருத்தர் முழங்கால் இன்னொருத்தர் மேல் இடித்தால் என்ன ஆகிவிடும். இந்தக் கதையில் வருகிறவள் முக்கால்வாசி நேரம் வாயே திறக்க மாட்டாள், எல்லாம் அவள் நெஞ்சுக்குள் ஓடுகிற ஓட்டம்தான், தள்ளி உட்கார்ந்தால் காதில் விழாது. செண்பகவடிவு என்று பேர், வடிவு என்றால் போதும். ஆடி அமாவாசைக்கு மலையடிவாரத்துச் சாஸ்தா கோவிலில், ஆற்றங்கரை மருத மரங்களுக்கு அடியில் மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டி, அவள் புருஷன் வீட்டுச் சனம் மொத்தமும் மூன்று நாள் குடில் போட்டுத் தங்கும். சென்னையில் இருப்பதும் திருப்பூரில் இருப்பதும் வருஷத்துக்கு ஒரு தரம் முகத்தோடு முகம் பார்ப்பது அங்கேதான். மூன்று நாளும் கல் அடுப்பு அணையாது, பாய் சுருட்டப்படாது, பேச்சு ஓயாது. ஒருத்தி சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்குக் கை அரிக்கும், உடனே ஒரு வேலையைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிடும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் வடிவுக்குப் புஸ்தகம் படிக்கிற ஆசை வந்தது.

மூன்றாம் நாள் காலை, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். பல் கிட்டியது, உடம்பு நடுங்கியது, அது குளிருக்கு மட்டுமில்லை என்று அவளுக்கே தெரிந்தது. கரையில், துணி துவைக்கிற பாறை மேல், மாற்றுச் சேலை மடிப்புக்குள், மஞ்சள் துணியில் சுற்றி அந்தப் புஸ்தகம் இருக்கிறது. இருக்கிறதா? திரும்பிப் பார்த்தாள். இருந்தது. குரங்கு தூக்கிக்கொண்டு போயிருந்தால்? குரங்குக்கு என்ன தெரியும், பழம் என்று நினைத்து ஒரு கடி கடித்து, ருசி பிடிக்காமல் ஆற்றில் போட்டுவிடும். நினைத்த மாத்திரத்தில் இன்னொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. ஓடக்காரி காத்தாயியின் ஓடத்தில் ஏறி வந்த ஒருத்தன் ஒரு தகரப் பெட்டியை விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனான், போனவன் போனவன்தான், காத்தாயிக்குக் கல்யாணம் ஆகி, புருஷன் செத்து, தலை நரைத்து, ஆற்றுக்குக் குறுக்கே பாலமே வந்துவிட்டது, ஊரே சேர்ந்து பூட்டை உடைக்கச் சொல்லியும் அவள் பெட்டியைத் திறக்கவில்லை, இப்போது ஒரு கிழவன் அக்கரையில் நின்று அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், நேற்றுச் சாயங்காலம் சரியாக அந்த இடத்தில்தான், "மதினி, பாலுக்குத் தண்ணி ஊத்தணுமா வேண்டாமா" என்று யாரோ கேட்டார்கள். ஊத்தணும் என்றாள் வடிவு. அதோடு போச்சு. அக்கரையில் அந்தக் கிழவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான், ராத்திரி பூராவும் நின்றிருப்பான் பாவம், காத்தாயி துடுப்பை எடுத்தாளோ என்னமோ, பெட்டிக்குள் என்ன, நகையாக இருக்காது, நகை என்றால் அத்தனை வருஷம் விட்டுவைப்பானா, யாருடைய எலும்போ சாம்பலோ, சீ, வாயைக் கழுவு, இல்லை குழந்தைச் சட்டையா, ஒன்றுமே இல்லாத வெறும் பெட்டியா. வெறும் பெட்டியாக இருந்தால் அந்தக் கதை எழுதினவனைச் சும்மா விடக்கூடாது. மத்தியானம் படைப்பு முடிந்து சாப்பிட்டதும் சென்னை வேன் கிளம்பும், புஸ்தகம் அதோடு போய்விடும். அதற்குள் படித்தாக வேண்டும்.

புஸ்தகம் சுகந்தியுடையது. சுகந்தி என்றால் வடிவின் புருஷன் தளவாய்க்குத் தங்கச்சி, சென்னையில் ஆபீஸ் வேலை. முதல் நாள் பையைத் திறந்ததும் அதை எடுத்துப் பாயில் போட்டாள், "வண்டியில வாசிக்கலாம்னு எடுத்தேன் மதினி, கூட வேலை பாக்கவ புஸ்தகம், திங்கக்கிழமை கொடுத்தாகணும், ஒரு வரி வாசிக்கலை" என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போனாள். பாய் மடிக்கிற சாக்கில் வடிவு முதல் பக்கத்தைத் திருப்பினாள், அவ்வளவுதான், காத்தாயியின் ஓடத்தில் காலை வைத்துவிட்டாள். "இன்னும் பத்து நாள் வச்சுக்கிடட்டா சுகந்தி" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க மாட்டாள். சுகந்தியிடம் ஒரு குண்டூசி கூடக் கேட்டதில்லை, வருஷம் இருபது ஆகிறது. அது ஏன் என்பது அடிநெஞ்சில் கிடக்கிற ஒரு முள், அதைத் தொட்டால் இப்போது நேரம் போய்விடும், வேண்டாம். அதுவாகவே வந்து குத்தியது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, சணல் போட்டுத் தைத்து, காலண்டர் அட்டையில் பைண்டு பண்ணி, பிறந்த வீட்டில் இருந்து அவள் கொண்டுவந்த ஒரே சொத்து அது. அப்போது படிக்காமல் சேர்த்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துப் பாதி வரைக்கும் வந்திருந்தாள். சுகந்தி லீவுக்கு வந்துபோன வாரம் அலமாரியில் அது இல்லை. எடுத்தாயா என்று கேட்கவில்லை. கேட்காததுதான் இருபது வருஷமாக வளர்ந்துகொண்டு இருக்கிறது. அதற்குப் பிறகு கையில் எடுத்த எதுவும் முடிந்ததில்லை. ஒன்றைப் பிரசவ ஆஸ்பத்திரியில் தலையணைக்கு அடியில் விட்டுவிட்டு வந்தாள், ஒன்று பழைய புஸ்தகக் கடையில் வாங்கினது, கடைசித் தாள்கள் இல்லாமலே இருந்தது, இன்னொன்றில் நல்ல இடமாகப் பார்த்துச் சின்ன மகன் மாம்பழத்தைப் பிழிந்துவிட்டான். நாற்பத்தாறு வயசு, ஒரு கதை கூட முடிவு தெரியாது. சாகும்போதும் இப்படித்தான் சாவோமோ, நடுப்பக்கத்தில், யாரோ பாலுக்குத் தண்ணி ஊத்தணுமா என்று கேட்கும்போது. அந்த நினைப்பில் ஒரு வாய் தண்ணீரை அள்ளிக் கொப்பளிக்கப் போனாள்.

"ஏட்டி வடிவு, எவ்வளவு நேரந்தான் எருமை மாதிரி தண்ணிக்குள்ள கிடப்ப, தேங்கா துருவ ஆளில்ல, ஒருத்தன் சட்டையக் காணும்ங்கான், ஒருத்தன் சாமிக்கு வச்ச பூவத் தின்னுட்டான், இங்கன ஏறி வா." கரையில் பிச்சம்மாள் அத்தை, மாமனார் கூடப் பிறந்தவள், அந்தக் குடும்பத்துக்கே சட்டம் சொல்கிறவள். வடிவு வாய் நிறையத் தண்ணீரோடு திரும்பினாள். எதிரே அத்தை, அத்தைக்குப் பின்னால் நேராகக் கோவில் வாசல். கோவிலைப் பார்த்துத் துப்பிவிடுவோமோ என்று பயந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். அத்தை பார்த்தாள். ஈரத் தலை, பொத்தின வாய், பாறை மேல் சேலைக்குள் இருந்து எட்டிப் பார்க்கிற மஞ்சள் துணிச் சுருணை. அத்தையின் முகம் மாறியது. "ஆத்தாடி, மௌன விரதமா? சொல்லவே இல்லையே பிள்ள. அந்த மஞ்சத்துணி பாராயணமா?" வடிவின் வாயில் தண்ணீர். பக்கவாட்டில் திரும்பித் துப்பிவிட்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை அத்தை, கொப்பளிக்கிறேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்குள் எத்தனை ஓடியது அவள் தலைக்குள். முதல் நாள் குரங்குக் காவல் கேட்டு வாங்கி, குச்சியும் புஸ்தகமுமாகப் பழக்குலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், பழம் இருக்கிற இடத்துக்குக் குரங்கை விட மனுஷர்தான் அதிகம் வந்தார்கள். இரண்டாம் நாள் தலைவலி என்று படுத்தாள், ஆளாளுக்கு ஒரு தைலம் கொண்டுவந்து நெற்றி எரிந்துபோனது, எரிகிற கண்ணோடு என்னத்தைப் படிக்க, அங்கொரு பக்கம் இங்கொரு பக்கமாகத் திருடித்தான் கடைசி அத்தியாயம் வரைக்கும் வந்திருந்தாள். இப்போது, தானாக, ஒரு வார்த்தை பொய் சொல்லாமல், யாரும் பேச்சுக் கொடுக்க முடியாத ஒரு காலைப்பொழுது அவள் கைக்கு வந்திருக்கிறது. சாஸ்தா கண்ணைக் குத்துவாரோ? நான் ஒன்றுமே சொல்லவில்லையே சாமி, அத்தைதான் சொன்னாள். தண்ணீரை முழுங்கினாள். கோவிலைப் பார்த்து இரண்டு கையையும் குவித்தாள்.

அத்தை குடில் குடிலாகப் போய்ச் சொன்னாள். "வடிவு மௌனம். ஒருத்தரும் அவகிட்ட வேலை சொல்லப்பிடாது, பதில் கேக்கப்பிடாது. நம்ம கோமுக்காவுக்கு அப்புறம் இந்தக் குடும்பத்துல வாயைக் கட்டினவ இவ ஒருத்திதான்." கோமு பெரியம்மை என்று ஒருத்தி இருந்தாள், போய்ச் சேர்ந்துவிட்டாள், அவள் விரதம் முடித்த அன்றைக்கு என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன், இப்போது வடிவு பின்னால் போவோம். ஆற்றோரமாகத் தள்ளி, வேர் புடைத்த ஒரு பெரிய மருத மரம், அதன் மடியில் போய் உட்கார்ந்தாள். தேங்காய் துருவுகிற சத்தம் தூரத்தில் கேட்டது, யாரோ துருவுகிறார்கள், தான் துருவவில்லை, அந்த நினைப்பே வெல்லம் மாதிரி இருந்தது. அடுப்புப் புகை இந்தப் பக்கம் வரவில்லை. கால் விரலில் வெயில் பட்டது. புஸ்தகத்தை விரித்தாள், தாளும் மையும் கலந்த அந்த வாசனை, மடித்து வைத்த மூலையை நீவி நேராக்கினாள். கண்ணாடி எங்கே, ஜாக்கெட்டுக்குள், எடுத்தாள், துடைத்தாள். காத்தாயி துடுப்பைக் கையில் எடுத்தாள் என்று ஆரம்பித்தது. எடுத்துவிட்டாள். எனக்குத் தெரியும் நீ எடுப்பாய் என்று. அக்கரையில் நின்றவன் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தான், அவள் வருவாள் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது, தண்ணீர் அவ்வளவு... தண்ணீர் அவ்வளவு... அடுத்த வார்த்தைக்குப் போக முடியவில்லை, தாள் மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது. நிமிர்ந்தாள். பொன்னுமணி. கொழுந்தன் பெண்டாட்டி, கல்யாணமாகி வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது, சின்னக் குரல்.

"அக்கா, நீங்க வாசிங்க, நான் தொந்தரவு பண்ணலை" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். "நீங்க பேச மாட்டீங்கன்னுதான் வந்தேன். யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு வெடிச்சிரும். அக்கா, நான் கார் ஓட்டப் படிக்கேன்." வடிவு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "அவங்களுக்குத் தெரியாது. காலையில தையல் கிளாஸுன்னு சொல்லிட்டுப் போவேன். ஒரு துண்டு கூடத் தைக்கத் தெரியாதுக்கா எனக்கு. போன வாரம் லைசென்ஸே வந்துட்டு. இப்ப அவங்க ஒரு சட்டைத் துணிய வாங்கிட்டு வந்து, தீவாளிக்கு நீயே தச்சுக் கொடுன்னு சொல்லுதாங்க." சிரிப்பு வந்தது வடிவுக்கு, வாயை இறுக்கிக்கொண்டாள், உதடு துடித்தது. கார் ஓட்டுகிறாளாம், இந்தக் கோழிக்குஞ்சு. கியர் என்பது கையிலா காலிலா என்று கூட வடிவுக்குத் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் எப்படி இருக்கும், துடுப்பைப் பிடித்த மாதிரி இருக்குமோ, காத்தாயி இந்நேரம் நடு ஆற்றுக்கு வந்திருப்பாள், போடி பொன்னு, எந்திரி, நீ ஓட்டு, நல்லா ஓட்டு, இப்ப எந்திரிச்சுப் போ. வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொன்னாள், அவள் கன்னத்தைத் தொட்டு லேசாகத் தட்டினாள். பொன்னுமணி அதை இன்னும் சொல்லு என்று எடுத்துக்கொண்டாள். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு வேப்ப மரத்தில் இடித்தது, சொல்லித்தருகிற அம்மாள் கையில் ஸ்கேல் வைத்திருப்பது, சாலையில் முதல் தடவை லாரியை முந்தினபோது தொண்டைக்குள் ஏதோ பறந்தது. எழுந்து போகும்போது முகம் கழுவி விட்டது போல இருந்தது. இங்கே வடிவு தாளில் இன்னும் தண்ணீர் அவ்வளவு என்ற இடத்தில்தான் நின்றாள். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. சரி, தெளிவாக இருந்தது, அப்புறம். ஓடம் கரை தட்டியது. கிழவன் ஒரு காலைத் தூக்கி...

"ஏம்மா வடிவு." விரலை வரியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மாசானம் அத்தான், புருஷனுக்கு மூத்தவர், சாமியாடி. மத்தியானப் படைப்புக்கு அவர் மேல்தான் சாமி இறங்க வேண்டும், நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் மாலைக்குக் கட்டின நூல். அவர் எதிரில் உட்கார்ந்தே பழக்கமில்லை, எழுந்திருக்கப் பார்த்தாள், அவர் கை அமர்த்தி, இரண்டு முழம் தள்ளி வேரில் உட்கார்ந்தார். முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். வடிவு ஒரு கண்ணால் ஒரு வரி திருடினாள், கிழவன் ஓடத்தில் ஏறினான், அதற்குள் அவர் பேசிவிட்டார். "எனக்கு மூணு வருஷமா சாமி வரலை." மேளத்துக்கு ஆடுகிறதாகச் சொன்னார். ஆடுவது உடம்புக்குப் பழகிப்போச்சு, சொல்வாக்கும் பழகிப்போச்சு, பிள்ளை பிறக்கும், வேலை கிடைக்கும், எல்லாம் நாக்கில் வருகிறது, ஆனால் முன்னே வந்த அந்தச் சூடு முதுகுத்தண்டில் ஏறவில்லை. "கூட்டமே கையக் கூப்பிக்கிட்டு நிக்கும்போது எப்படிம்மா நான் வரலைன்னு சொல்ல?" பெரிய ஆள், குரல் நொய்ந்துபோய் இருந்தது. வடிவுக்குக் குபீரென்று வியர்த்தது. இவர் வராத சாமிக்கு ஆடுகிறார், நான் இல்லாத விரதம் இருக்கிறேன், ஒரே வாசலில் இரண்டு பேர், சாஸ்தா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து என்ன செய்வார். என்ன செய்வார்? அப்படிப் பார்த்தால் சாஸ்தாவுக்கும் எங்கே நேரம் இருக்கிறது, ஒருத்தி பிள்ளை கேட்கிறாள், ஒருத்தன் வேலை கேட்கிறான், ராப்பகலாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்கேயாவது ஒரு மரத்தடியில் ஒளிந்து உட்கார்ந்து அவரும் எதையோ படித்துக்கொண்டு இருக்கிறாரோ என்னமோ, அதனால்தான் மூணு வருஷமாகக் கூப்பிட்டும் வரவில்லை. அது மனசில் பட்டதும் பயம் கொஞ்சம் கரைந்து, ஒரு விதமான சந்தோஷம் குமிழி விட்டது. அத்தான், அவர் முடித்துவிட்டு வருவார், கொஞ்சம் பொறுங்க என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல முடியாது. விரதக்காரிக்கு என்று அத்தை பக்கத்தில் வைத்துவிட்டுப் போன தட்டில் இருந்து ஒரு பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதை உரிக்காமல் மடியில் முடிந்துகொண்டு, "மனசு லேசாச்சும்மா" என்று எழுந்து போனார். உங்களுக்கு லேசாச்சு. எனக்கு?

எனக்கு என்ன ஆச்சு என்று அவள் அப்போதுதான் பார்த்தாள். மரத்தடியில் உட்கார்ந்த ஓடக்காரி ஆகிவிட்டாள் அவள். வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு பெட்டியை அவள் மடியில் இறக்கிவிட்டுப் போகிறார்கள், பேசாதவளிடம்தான் எல்லாருக்கும் பேச்சு வருகிறது, இது தெரியாமல் வாயைக் கட்டினேனே. வெயில் முழங்காலுக்கு ஏறியிருந்தது. அந்தப் பக்கம் பொங்கல் பானையில் அரிசி விழும் சத்தம். கிழவன் ஓடத்தில் ஏறி உட்கார்ந்தான், அவன் மடி காலியாக இருந்தது, காத்தாயி பெட்டியை... எதிரே செருப்பு. தெரிந்த செருப்பு, வார் தைத்த இடத்தில் பச்சை நூல். தளவாய். இருபத்து மூன்று வருஷத்தில் இந்த மனுஷன் அவள் பக்கத்தில் சும்மா வந்து உட்கார்ந்தது எப்போது என்று அவளால் ஞாபகப்படுத்த முடியவில்லை, உட்கார்ந்தால் சோறு, இல்லையென்றால் சாவி. மண்ணைக் கிளறினார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ திருப்பிக் கேக்க முடியாத இன்னைக்குச் சொல்லிட்டாத் தேவலை." வடிவு புஸ்தகத்தை மூடி, விரலைப் பக்கத்துக்குள் வைத்துக்கொண்டாள். "அந்தப் பைண்டு புஸ்தகம். காலண்டர் அட்டை போட்டது. சுகந்தி எடுக்கலை. நான்தான் எடுத்தேன்." ஆறு சத்தம் போடாமல் ஓடியது போல இருந்தது. "நீ தூங்கினப்புறம் நானும் தினம் கொஞ்சம் வாசிச்சேன். ஆம்பிளை கதை வாசிக்கான்னு நீ சிரிப்பியோன்னு இருந்துச்சு. வேலைக்குப் போகும்போது டிபன் பையில வச்சு எடுத்துட்டுப் போனேன், பஸ்ஸுல வாசிச்சுக்கிட்டே வந்து, இறங்குற அவசரத்துல சீட்டுலயே விட்டுட்டேன். எத்தனையோ நாள் டிப்போவுக்கு அலைஞ்சேன். அவ மேல நீ சந்தேகப்பட்டது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலை." வடிவுக்கு அந்தத் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைக்க வேண்டும் போல இருந்தது, அதே நேரத்தில் இரவில் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு சணல் தைத்த தாளை எழுத்துக்கூட்டிப் படிக்கிற இந்த முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, அந்த முகத்தை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லையே, தூங்கிவிட்டேனே பாவி. இருபது வருஷம் சுகந்திக்குக் காப்பி கொடுத்த போதெல்லாம் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்ததும் ஞாபகம் வந்தது. தளவாய் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார், "அந்தக் கதையில, கெணத்தடியில அவ வளையலைக் கழட்டி வைக்கிற எடம் வரைக்கும் நான் வந்துட்டேன். நீ அதுக்கு முன்னாலயே நின்னுட்டே. அதையும் சொல்லணும்னு நெனச்சேன்." சொல்லிவிட்டுப் போயேவிட்டார். வளையலைக் கழட்டி வைத்தாளா? எதற்காக? கூப்பிட முடியாது, வாய் கட்டிக் கிடக்கிறது, ஓடிப் போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்க முடியாது. இந்த மனுஷன் இருபது வருஷமாக என்னை விட அத்தனை பக்கம் முன்னால் போய் நின்றுகொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி சாம்பார் கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் போகட்டும். வளையலில் இருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

அதற்குள் கொட்டுச் சத்தம் கேட்டுவிட்டது, படைப்புக்கு நேரமாகிவிட்டது. பார்த்தால் அத்தியாயத்தில் இரண்டு பக்கம் கூடத் தாண்டவில்லை. புஸ்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றினாள். இதுவும் அந்த ஆஸ்பத்திரித் தலையணை மாதிரிதான். கோவில் வாசலுக்கு எல்லாரும் வந்தாச்சு, வாழை இலையில் பொங்கல் ஆவி பறக்கிறது, மேட்டில் வேன் பின் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சுகந்தி மூட்டை கட்டுகிற அவசரத்தில் ஓடி வந்தாள். "மதினி, என் புஸ்தகம் ஒண்ணு பாய்ல கெடந்துச்சே, பாத்தியளா?" என்று கேட்டுக்கொண்டே வடிவு மடியில் இருந்த சுருணையைப் பார்த்துக் கை நீட்டினாள். பிச்சம்மாள் அத்தை அந்தக் கையில் பொட்டென்று ஒரு அடி வைத்தாள். "தொடாத. பாராயணம். விரதக்காரி மடியில கை வைக்காளே, படிச்சவளாம்." துணி விலகின இடத்தில் அட்டையின் ஒரு மூலை தெரிந்தது, நீல ஆறும் ஒரு ஓடத்து முனையும். சுகந்தி அதைப் பார்த்தாள். வடிவைப் பார்த்தாள். வடிவுக்கு உயிரே கண்ணுக்கு வந்துவிட்டது. இவள் மேல் இத்தனை வருஷம் நான் சுமந்த சந்தேகத்துக்கு, இப்போது இவள் வாயைத் திறந்தால் சரியாகப் போகும், கூட்டத்துக்கு நடுவில் நான் பொய்க்காரி ஆவேன், ஆகட்டும், நியாயம்தான். சுகந்தி அடிபட்ட கையைத் தடவிக்கொண்டாள். "ஆமா அத்தை" என்றாள் மெதுவாக, "பாராயணம்தான். நான் கவனிக்கலை." சொல்லிவிட்டு, தரையில், வடிவுக்கு முட்டி இடிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மாசானம் அத்தான் ஆடினார், ஓய்ந்தார். தீபாராதனை ஆனது. அப்போது அத்தை எழுந்து நின்று சொன்னாள், "இனி வடிவு விரதம் முடிப்பா. சாஸ்தா நடையில விரதக்காரி வாயைத் திறந்தா, அவளா எந்திரிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கப்பிடாது, குறுக்க ஒரு வார்த்தை பேசப்பிடாது, என்ன சொன்னாலும் கேட்டுக்கிடணும். இது நம்ம குடும்பத்து முறை. கோமுக்கா முடிச்ச அன்னைக்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்." இருக்காதா பின்னே. இதைத்தான் பிறகு சொல்கிறேன் என்றேன். அன்றைக்குக் கோமு பெரியம்மை உட்கார்ந்து, நெய்யைத் திருடினது யார், மாமியாரை மாடு என்று சொன்னது யார், கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்தது யார் என்று ஒன்று விடாமல் பொழுது சாய்கிற வரைக்கும் சொன்னாள், பேர் சொல்லப்பட்டவர்கள் எல்லாம் எழுந்து ஓடவும் முடியாமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இப்போது கூட்டத்தில் மூன்று முகம் வெளிறியது. பொன்னுமணி சேலைத் தலைப்பைக் கடித்தாள். மாசானம் அத்தானின் விபூதி வியர்வையில் ஒழுகியது. தளவாய் மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார். வடிவு அவர்களைப் பார்த்தாள், பிறகு அத்தை சொன்னது உள்ளே ஒரு தரம் திரும்ப ஓடியது, எந்திரிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கப்பிடாது, குறுக்க பேசப்பிடாது. பேசப்பிடாது. யாரும் பாலைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். சட்டையைக் காணோம் என்று வர மாட்டார்கள். வேன் நிற்கும். அவள் உடம்பெல்லாம் புல்லரித்தது, சாஸ்தா, நீ படிக்கிறவன்தான், எனக்குத் தெரிந்துவிட்டது.

நடைக்கு நேராகச் சம்மணம் போட்டாள். மஞ்சள் துணியை அவிழ்த்தாள். கண்ணாடி போட்டாள். தொண்டையைச் செருமினாள், காலையில் இருந்து அடைத்துக் கிடந்த குரல் முதலில் கரகரத்து, பிறகு தெளிந்தது. "காத்தாயி துடுப்பைக் கையில் எடுத்தாள்" என்று படிக்க ஆரம்பித்தாள். அத்தை கையைக் கூப்பிக்கொண்டாள். பொன்னுமணி வாயில் இருந்த தலைப்பு மெல்ல விழுந்தது. மாசானம் அத்தான் பெரிதாக மூச்சு விட்டார். யாருக்கும் இது என்ன புராணம் என்று தெரியவில்லை, கேட்கவும் முடியாது, கேட்கத் தோன்றவும் இல்லை, ஏனென்றால் ஓடம் கரை தட்டிவிட்டது, கிழவன் ஏறிவிட்டான், காத்தாயி ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள், தூக்கும்போது உள்ளே ஏதோ உருண்டது. பொங்கல் ஆறியது. மேட்டில் வேன்காரர் ஒரு தரம் ஆரன் அடித்தார், நாற்பது தலை ஒன்றாகத் திரும்பி முறைத்தது, அவரும் வந்து கடைசியில் உட்கார்ந்தார். மரத்துக்குப் பின்னால் இருந்த தளவாய் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து முன் வரிசைக்கே வந்துவிட்டார். கிழவன் இடுப்பில் தடவினான், கயிற்றில் கோத்த சாவி, துருப்பிடித்த பூட்டு, அது இறுகியது, அசைந்தது, திறந்துகொண்டது. அந்த இடத்தில் வடிவு வாயை மூடினாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. புஸ்தகத்தை மட்டும் மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். கண் வரியில் ஓடுகிறது, உதடு அசையவில்லை. எழுந்திருக்காதவரைக்கும் யாரும் எழுந்திருக்க முடியாது, பேச முடியாது. அத்தனை சனம், அத்தனை பேச்சு, எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்க்க, ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்க, கடைசிப் பக்கங்களைச் செண்பகவடிவு தனக்கே தனக்காக, ஆற அமர, ஒரு எழுத்து விடாமல் படித்தாள். நடுவில் ஒரு தரம் சிரித்தாள். ஒரு தரம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். கடைசி வரியை இரண்டு தரம் படித்தாள் போல, கண் அங்கேயே திரும்பிப் போய் வந்தது. புஸ்தகத்தை மூடி மடியில் வைத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள், சூடாக இருந்தது. முறை சொன்ன அத்தையாலேயே முறையைக் காக்க முடியவில்லை. "ஏட்டி, பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?" வடிவு அத்தையைப் பார்த்தாள். பொன்னுமணியைப் பார்த்தாள், மாசானம் அத்தானைப் பார்த்தாள், தன் புருஷனைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். பிறகு மஞ்சள் துணியை எடுத்துப் புஸ்தகத்தைச் சுற்றி, நான்கு முனையையும் சேர்த்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள், அது போதாது என்று அதன் மேல் இன்னொன்றும் போட்டு, சுகந்தியின் கையில் வைத்தாள்.